பழைய மழைக் கணக்கில் கடலின் நீண்ட சுழற்சிகள்: வாசகர் கேள்வி பதில்

நூறு, நூற்றைம்பது ஆண்டு மழைப் பதிவுகளை வைத்துக்கொண்டு, பெருங்கடல்களில் பத்து இருபது ஆண்டுக் கணக்கில் நடந்த ஏற்ற இறக்கங்களை மீட்டெடுக்க முடியுமா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கடலைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கடலைத்தானே அளக்க வேண்டும்? தரையில் இருக்கும் மழைமானியிடம் ஏன் போக வேண்டும்?

கடலை ஒழுங்காக அளக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. செயற்கைக்கோள்கள் கடல் மேற்பரப்பு வெப்பநிலையைத் தொடர்ந்து தருவது 1980களிலிருந்துதான். ஆழத்தில் மூழ்கி எழுந்து அளக்கும் ஆர்கோ மிதவைகள் 2000ஐ ஒட்டித்தான் வந்தன. அதற்கு முன்பு இருந்ததெல்லாம் கப்பல் மாலுமிகள் எழுதிய குறிப்புகள். வாளியில் கடல்நீரை மொண்டு, அதில் வெப்பமானியை விட்டுப் படித்தார்கள். மர வாளியில் நீரின் சூடு ஓரளவு நிற்கும். கித்தான் வாளியில் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். பிறகு எஞ்சின் அறைக்குள் இழுக்கும் நீரின் வெப்பத்தைப் படிக்கத் தொடங்கினார்கள், அது சற்று அதிகமாகக் காட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எந்தக் கப்பல் எந்த முறையில் அளந்தது என்பதே பெரிய சிக்கல். போதாக்குறைக்குக் கப்பல்கள் வணிகப் பாதையில்தான் போகும். பனாமா கால்வாய் 1914இல் திறந்த பிறகு பசிபிக்கில் அந்தப் பாதைகளே மாறின. 1854 முதலும் 1870 முதலும் தொடங்கும் கடல் வெப்பநிலைத் தொகுப்புகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் ஆரம்பப் பகுதியில், நடுப் பசிபிக்கின் பெரும் பரப்புகளுக்கு உண்மையான அளவீடு மிகக் குறைவு. அங்கெல்லாம் புள்ளியியல் கணக்குதான் இட்டு நிரப்புகிறது.

மழைமானியோ ஒரே இடத்தில் நின்று, நாள் தவறாமல், கடலோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆளால் படிக்கப்பட்டது. கப்பல் அளவீட்டின் பிழைகள் இதில் வராது. இந்தச் சுதந்திரம்தான் அதன் மதிப்பு. சென்னை வானிலை ஆய்வகத்தின் மழைத் தொடர் 1813இலேயே தொடங்குகிறது.

கடலுக்கும் மழைக்கும் என்ன வழி? வெப்பமண்டலப் பசிபிக்கின் மேற்கில் வெதுவெதுப்பான நீர் தேங்கி நிற்கும். அதன் மேல் காற்று எழும்பும், மேகம் கட்டும். எல் நினோ ஆண்டில் அந்த நீர் கிழக்கே நகர்கிறது. காற்று எழும்பும் இடமும் அதோடு நகர்கிறது. பழைய இடத்தில் காற்று கீழிறங்கி மழையை அடக்குகிறது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வறட்சி ஒரே ஆண்டுகளில் வருவதை 1888இலேயே ஆஸ்திரேலியாவில் வானிலையைக் கவனித்துவந்த சார்லஸ் டாட் சுட்டிக்காட்டினார். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் இருந்து வந்த அழுத்தம், மழை, வெப்பநிலைக் கணக்குகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தென் அலைவு என்ற ஒன்றை, அதாவது பசிபிக்கின் கிழக்கிலும் மேற்கிலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதை, பிரித்தெடுத்தார். அதைப் பசிபிக் கடலின் வெப்பத்தோடு 1969இல் முடிச்சுப் போட்டவர் வானிலை அறிஞர் பியர்க்னஸ். மழையிலிருந்தும் அழுத்தத்திலிருந்தும் கடலுக்குப் போகும் வழி முதலில் அப்படித்தான் திறந்தது.

கேள்வி: எத்தனை சுழற்சிகள் இருக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு?

எல் நினோவும் அதன் எதிர்நிலையான லா நினாவும் 2 முதல் 7 ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும். இந்தியப் பெருங்கடல் இருமுனையம், அதாவது அந்தக் கடலின் மேற்கும் கிழக்கும் எதிரெதிராகச் சூடேறிக் குளிர்வது, 1999இல் தனியாக அடையாளம் காணப்பட்டது. அதுவும் சில ஆண்டு இடைவெளிகளில் வருவதுதான். அடுத்து பசிபிக்கின் பத்தாண்டு அலைவு. வட பசிபிக்கை மட்டும் பார்த்தால் பி.டி.ஓ., பசிபிக் முழுவதையும் சேர்த்தால் ஐ.பி.ஓ. ஒரு கட்டம் 15 முதல் 30 ஆண்டு வரை நிற்கும். 1925 முதல் 1946 வரை சூடான கட்டம், 1947 முதல் 1976 வரை குளிர்ந்த கட்டம், 1977இலிருந்து 1990களின் பிற்பகுதி வரை மறுபடி சூடான கட்டம். அட்லாண்டிக்கில் 60–80 ஆண்டு அலைவு என்று சொல்லப்படுவது ஒன்று உண்டு. அதில் ஒரு பங்கு எரிமலைத் தூசும் தொழிற்சாலைத் தூசும் உண்டாக்கிய தோற்றம் என்ற வாதம் வலுவாக இருப்பதால், அதைக் கடலின் சொந்த அலைவு என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

இவற்றில் எதுவும் கடிகாரம்போல ஓடுவதில்லை. பி.டி.ஓ. என்பதே எல் நினோவின் தொலைவிளைவு, அலூசியன் தாழ்வழுத்தத்தின் ஏற்ற இறக்கம், குளிர்காலந்தோறும் மேலே எழும் ஆழ்நீரின் நினைவு, குரோஷியோ நீரோட்டத்தின் அசைவு ஆகிய பலவும் சேர்ந்த கூட்டுத்தொகை. மழைப் பதிவில் 23 ஆண்டு, 31 ஆண்டு என்று துல்லியமான காலச்சுற்றைத் தேடுபவர்கள் முதல் அடியிலேயே வழி தவறுகிறார்கள். நாம் மீட்டெடுக்க வேண்டியது கட்டங்களை: எப்போது மாறின, எவ்வளவு காலம் நின்றன, எவ்வளவு வலுவாக இருந்தன.

கேள்வி: நான் முதுகலை மாணவி. ஒரு நிலையத்தின் 90 ஆண்டு தினசரி மழைப் பதிவேடு கைக்குக் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கணினியில் எந்த நிரலையும் திறப்பதற்கு முன் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். இந்த வேலையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அலகு. பிரிட்டிஷ் முறையில் எழுதிய பதிவேடுகளில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஒரு சென்ட் 0.254 மில்லிமீட்டர். 1 அங்குலம் 7 சென்ட்டை ஒருவர் 1.07 என்று எழுதுவார், அடுத்து வந்தவர் 1.7 என்று எழுதுவார். பின்னது 1.70ஆகத் தட்டச்சு ஆகிவிட்டால் ஒரே நாளில் 16 மில்லிமீட்டர் கூடுதல் மழை பெய்துவிடும். இதைப் பிடிக்க எளிய வழி: ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசி இலக்கம் 0 ஆக இருக்கும் அளவுகள் எத்தனை என்று எண்ணுங்கள். வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால், எழுதும் கை மாறியிருக்கிறது அல்லது எழுதும் முறை மாறியிருக்கிறது.

அடுத்து வெற்றுக் கட்டம். மழை இல்லாத நாளுக்குச் சிலர் 0 போடுவார்கள், சிலர் கோடு போடுவார்கள், சிலர் ஒன்றும் எழுதமாட்டார்கள். வாசிக்கவே இல்லாத நாளுக்கும் ஒன்றும் எழுதமாட்டார்கள். மாதக் கூட்டுத்தொகை கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் வெற்றுக் கட்டங்கள் பெரும்பாலும் மழையற்ற நாட்கள். கூட்டுத்தொகையே இல்லாவிட்டால் அந்த மாதத்தை விடுபட்டதாக எடுங்கள். மழைக்கால மாதம் ஒன்றில் மூன்று நாட்களுக்கு மேல் விடுபட்டிருந்தால் அந்த மாதத்தையே ஒதுக்கிவிடுவது நல்லது. விடுமுறை நாட்களில் வாசிக்காமல், மறுநாள் மொத்தமாகச் சேர்த்து எழுதிய இடங்களும் இருக்கும். கிழமைவாரியாக மழை நாட்களை எண்ணினால் இது பளிச்சென்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மழை குறைந்து திங்கட்கிழமை கூடினால் அது வானத்தின் வேலை இல்லை. மாதக் கூட்டுத்தொகைக்கு இதனால் பெரிய கெடுதல் வராது, மழை நாட்களின் எண்ணிக்கை மட்டும் கெட்டுவிடும்.

தேதி இன்னொரு தொல்லை. காலையில் படிக்கும் அளவு முந்தைய 24 மணி நேர மழை. அதைப் படித்த தேதியில் எழுதுவாரும் உண்டு, முந்தைய தேதியில் எழுதுவாரும் உண்டு. பக்கத்து நிலையத்தோடு ஒருமுறை நேராகவும், ஒருமுறை ஒருநாள் தள்ளியும் ஒப்பிட்டுப் பாருங்கள். எதில் பொருத்தம் கூடுகிறதோ அதுதான் அங்கே இருந்த வழக்கம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மழைமானி இடம் மாறுவது. வில்லியம் ஹெபர்டன் லண்டனில் 1766 ஜூலை முதல் ஓராண்டு ஒரு சோதனை செய்தார். தோட்டத்தில் வைத்த மழைமானியில் 22.6 அங்குலம் சேர்ந்தது. வீட்டுக் கூரையில் வைத்ததில் 18.1. வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் உச்சியில் வைத்ததில் 12.1 மட்டுமே. உயரம் கூடக் காற்று கூடுகிறது. மழைமானியின் வாய்க்கு மேல் காற்று சுழித்து, துளிகளைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடுகிறது. காரணத்தை 1861இல் ஜெவோன்ஸ் விளக்கினார். ஆக, 1930இல் ஒரு மழைமானியைத் தரையிலிருந்து கூரைக்கு மாற்றியிருந்தால், அந்த ஆண்டிலிருந்து மழை 20 சதவீதம் குறைந்ததாகக் கணக்கு சொல்லும். அதைப் பார்த்துவிட்டுப் பசிபிக்கின் கட்டம் மாறிவிட்டது என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மரம் வளர்வதும் இப்படித்தான், ஆனால் மெதுவாக. 30 ஆண்டில் சரிவு தெரியும், மரத்தை வெட்டியதும் மழை ஏறும். தடை எதுவும் தன் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

இதைக் கண்டுபிடிக்க இரட்டைக் குவிவு வளைகோடு வரையுங்கள். உங்கள் நிலையத்தின் ஆண்டு மழையை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். சுற்றிலும் உள்ள ஐந்தாறு நிலையங்களின் சராசரியையும் அப்படியே கூட்டுங்கள். ஒன்றைக் குத்துவாட்டிலும் மற்றதைக் கிடையாகவும் போட்டால் நேர்கோடு வர வேண்டும். ஓர் ஆண்டில் கோடு ஒடிந்து சாய்வு 1.0இலிருந்து 0.8 ஆகிவிட்டால், அந்த ஆண்டை ஒட்டிய ஆய்வுக் குறிப்பு, கடிதம், இடமாற்ற ஆணை எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆதாரம் கிடைத்தால் முந்தைய பகுதியை 0.8ஆல் பெருக்கி இன்றைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆதாரமே இல்லாமல் இரண்டு மூன்று சதவீத ஒடிவுகளைத் திருத்தாதீர்கள். திருத்தத் திருத்த நீங்கள் தேடுகிற கடல் அலைவையும் சேர்த்துத் துடைத்துவிடுவீர்கள். பெட்டிட் சோதனை, எஸ்.என்.எச்.டி. போன்ற புள்ளியியல் சோதனைகள் ஒடிவு ஆண்டைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இன்னொன்று: ஒரு துறை தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் மழைமானியை மாற்றியிருந்தால் இந்த வளைகோட்டில் எதுவும் தெரியாது. அதற்குப் பக்கத்து நிர்வாகத்தின் நிலையங்களைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

கேள்வி: ஆண்டு மொத்த மழையை எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. எல் நினோ வரும்போது இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறையும் பக்கம் சாய்கிறது. தீபகற்பத்தின் தென்கிழக்கில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை கூடும் பக்கம் சாய்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், கடலின் கையெழுத்து மறைந்துவிடும். ஒவ்வொரு பருவத்தையும் தனித் தொடராக வையுங்கள். எந்தப் பருவம் எந்த மாதங்களின் கடல் வெப்பத்தோடு ஒட்டுகிறது என்பதையும் பிரித்துப் பாருங்கள். எல் நினோ பெரும்பாலும் டிசம்பரை ஒட்டி உச்சத்துக்கு வரும். ஆகவே ஜனவரி–டிசம்பர் என்று ஆண்டை வெட்டினால் ஒரே நிகழ்வு இரண்டு ஆண்டுகளில் சிதறும். ஜூன் தொடங்கி மே வரை ஓர் ஆண்டு என்று வைப்பது வசதி.

கேள்வி: சுத்தம் செய்த மழைத் தொடரிலிருந்து கடல் குறியீட்டை எப்படி எழுப்புவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஒரு நிலையம் போதாது. கடலின் தாக்கம் பரந்த நிலப்பரப்பில் ஒரே மாதிரி விழும்; ஒரு மேகம் ஓர் ஊரின் மேல் கொட்டுவது அந்த ஊரோடு போகும். பத்து இருபது நிலையங்களைச் சேர்க்கும்போது உள்ளூர்க் குழப்பம் அடங்கிப் பொதுவான அசைவு மேலே வரும்.

மழை அளவு சராசரியைச் சுற்றிச் சமமாகப் பரவுவதில்லை. வாரிக் கொட்டிய சில ஆண்டுகள் ஒரு பக்கம் நீண்டு நிற்கும். எனவே பருவ மொத்தத்துக்குக் கனமூலம் எடுங்கள், அல்லது காமாப் பரவலில் பொருத்தித் தரப்படுத்திய மழைக் குறியீடாக மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு நிலையத்தையும் அதன் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுங்கள். இதைச் செய்யாமல், பல நிலையங்களின் பொதுவான அசைவைப் பிரித்தெடுக்கும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வுக்குப் போனால், 4,000 மில்லிமீட்டர் பெய்யும் மலை நிலையம் ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது காலத்தைப் பிரிப்பது. கடல் வெப்பநிலை நம்பகமாக இருக்கும் காலத்தை, உதாரணமாக 1951–2000ஐ, பொருத்தும் காலமாக வையுங்கள். 1901–1950ஐத் தொடாமல் சோதிக்கும் காலமாக ஒதுக்குங்கள். முதன்மைக் கூறுகளில் முதல் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, ஐ.பி.ஓ. போன்ற கடல் குறியீட்டோடு ரிக்ரஷன் செய்யுங்கள், அதாவது மழையிலிருந்து கடல் குறியீட்டைக் கணக்கிடும் சமன்பாட்டைப் பொருத்துங்கள். கிடைத்த சமன்பாட்டைச் சோதனைக் காலத்தில் ஓட்டி ஆர்.இ., சி.இ. என்ற இரண்டு அளவுகளைக் கணக்கிடுங்கள். முதலாவது, உங்கள் மதிப்பீடு பொருத்தும் காலச் சராசரியைச் சும்மா எழுதி வைப்பதைவிட மேலா என்று கேட்கிறது. இரண்டாவது, சோதனைக் காலத்தின் சொந்தச் சராசரியைவிட மேலா என்று கேட்கிறது, இதுதான் கடுமையானது. இரண்டும் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் முன்னே போகலாம். சி.இ. கீழே போனால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நூறு நிலையங்களை எடுத்து, முழுக் காலத்துக்கும் கடலோடு ஒப்பிட்டு, நன்றாகப் பொருந்தும் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீட்டெடுப்பைத் தொடங்குகிறார்கள். கடலோடு எந்த உறவும் இல்லாத நூறு தொடர்களிலும், 5 சதவீத மட்டத்தில் ஐந்து தற்செயலாகத் தேறிவிடும். வாக்கர் 1914இலேயே இதைப் பற்றி எச்சரித்து, பல தொடர்புகளில் மிகப் பெரியதை எப்படி மதிப்பிட வேண்டும் என்று ஒரு அளவுகோலும் தந்தார். நிலையங்களைத் தேர்ந்தெடுப்பதானால் பொருத்தும் காலத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சோதிக்கும் காலத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் அது சோதனை இல்லை.

மீட்டெடுத்த தொடர் எப்போதும் உண்மையைவிட அடங்கியே இருக்கும். தொடர்புக் கெழு, அதாவது இரண்டு தொடர்கள் எவ்வளவு ஒன்றாக அசைகின்றன என்ற அளவு, 0.6 என்றால், மாறுபாட்டில் 36 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கிறது. ஏற்ற இறக்கத்தின் வீச்சு உண்மையில் இருப்பதில் 60 சதவீதமாகச் சுருங்கும். பழைய காலத்தில் பெரிய நிகழ்வுகளே இல்லை என்ற தவறான எண்ணம் இதனால்தான் வருகிறது. வீச்சை மறுபடி நீட்டலாம், ஆனால் பிழையும் கூடவே நீளும். எனவே பிழைப் பட்டையைப் போடாமல் எந்த வளைகோட்டையும் வெளியிட வேண்டாம். பின்னோக்கிப் போகப் போக நிலையங்கள் குறையும். 1900இல் இருபது, 1870இல் ஐந்து என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சமன்பாடு, தனிப் பிழைப் பட்டை.

கேள்வி: நூறு ஆண்டு மழைக்கு 11 ஆண்டு நகரும் சராசரி எடுத்தேன். முப்பது ஆண்டு அலை அழகாகத் தெரிகிறது. ஐ.பி.ஓ.வோடு தொடர்புக் கெழு 0.6. இது உறுதியான முடிவுதானே?

இல்லை. ஏன் என்று நீங்களே கண்டுகொள்ளலாம். விரிதாளில் நூறு சீரற்ற எண்களை வரவழைத்து, அவற்றுக்கு 11 புள்ளி நகரும் சராசரி எடுத்து வரைந்து பாருங்கள். அதிலும் அலை வரும். இருபது முப்பது ஆண்டு இடைவெளியில் ஏறி இறங்கும், பார்க்க உண்மையான சுழற்சியாகவே இருக்கும். மறுபடி எண்களை மாற்றினால் வேறொரு அலை. சராசரி எடுக்கும் செயலே அலையை உண்டாக்குகிறது என்பதை 1927இல் ஸ்லட்ஸ்கி காட்டினார்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். 11 ஆண்டுச் சராசரிக்குப் பிறகு உங்களிடம் 90 புள்ளிகள் இருக்கின்றன. 90 தனித்தனிப் புள்ளிகள் என்றால் 5 சதவீத மட்டத்தைத் தாண்ட 0.21 போதும், உங்கள் 0.6 எங்கோ மேலே நிற்கும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் பதினொன்றில் பத்து ஆண்டுகள் பொதுவானவை, ஆகவே ஒவ்வொரு புள்ளியும் முந்தையதை அப்படியே ஒட்டிவரும். இரண்டு தொடர்களிலும் இந்தத் தன்தொடர்பு 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் 0.81. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.19, கூட்டினால் 1.81. 0.19ஐ 1.81ஆல் வகுத்து 90ஆல் பெருக்கினால் சுமார் 9. அதாவது உங்களிடம் உண்மையில் இருப்பது ஒன்பது புள்ளிகள்தான். ஒன்பதுக்குத் தேவையான கெழு 0.67. உங்கள் 0.6 அதைத் தொடவில்லை.

இதற்கு மேல் நல்ல சோதனை ஒன்று உண்டு. உங்கள் மழைத் தொடரின் அதே சராசரி, அதே மாறுபாடு, அதே ஓராண்டுத் தன்தொடர்பு உள்ள ஆயிரம் போலித் தொடர்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றையும் உண்மைத் தொடரைப் போலவே வடிகட்டி, ஐ.பி.ஓ.வோடு ஒப்பிடுங்கள். ஆயிரத்தில் 50க்கும் குறைவானவைதான் 0.6ஐத் தாண்டுகின்றன என்றால் பேசலாம்.

எந்தக் காலச்சுற்று எந்த ஆண்டுகளில் வலுவாக இருந்தது என்று காட்டும் வேவ்லெட் படம் வரைகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மோர்லே வேவ்லெட்டில் 20 ஆண்டுக் காலச்சுற்றுக்கு இரு முனையிலிருந்தும் சுமார் 27 ஆண்டுப் பகுதி நம்பத்தகாதது; 120 ஆண்டுத் தொடரில் நடுவே 65 ஆண்டுதான் மிஞ்சும். 60 ஆண்டுக் காலச்சுற்றுக்கு ஒவ்வொரு முனையிலும் 80 ஆண்டுக்கு மேல் போய்விடும், அதாவது எதுவுமே மிஞ்சாது. படத்தில் அந்தப் பகுதி அடர் சிவப்பில் மின்னினாலும் அதை விட்டுவிடுங்கள்.

எட்வர்ட் ப்ரூக்னர் 1890இல் மழை, ஏரி மட்டம், திராட்சை அறுவடைத் தேதி எல்லாவற்றையும் திரட்டி 35 ஆண்டு காலநிலைச் சுழற்சி ஒன்றை அறிவித்தார். பல பத்தாண்டுகள் அது பாடமாகவே சொல்லப்பட்டது. பின்னால் வந்த நீண்ட தரவுகளில் அது நிலைக்கவில்லை. உழைப்பிலும் நேர்மையிலும் அவரிடம் குறை சொல்ல எதுவுமில்லை. கருவியால் அளந்த மழையில் சில சுற்றுகளே இருந்தும் ஒரு விதியை எழுதியதுதான் சிக்கல். இன்றும் 150 ஆண்டுத் தொடரில் ஐ.பி.ஓ.வின் ஐந்தாறு கட்டங்கள்தான் அடங்கும். எந்த நவீன நிரலாலும் இந்த எண்ணிக்கையைக் கூட்ட முடியாது.

கேள்வி: மழைக்கும் கடலுக்கும் உள்ள உறவு காலத்துக்குக் காலம் மாறினால், மீட்டெடுப்பு எப்படிச் செல்லும்?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்தியப் பருவமழைக்கும் எல் நினோவுக்கும் இருந்த எதிர் உறவு 1970களின் பிற்பகுதிக்குப் பிறகு தளர்ந்ததாக 1999இல் கிருஷ்ண குமாரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். 1997இன் மிக வலுவான எல் நினோவின்போதும் பருவமழை பொய்க்கவில்லை. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் இருமுனையம் சாதகமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஐ.பி.ஓ. குளிர்ந்த கட்டத்தில் இருக்கும்போது எல் நினோ–லா நினாவுக்கும் மழைக்கும் உள்ள உறவு இறுகுகிறது, சூடான கட்டத்தில் தளர்கிறது என்று அதே 1999இல் பவரும் அவர் குழுவும் காட்டினார்கள்.

சிலர் உடனே 21 ஆண்டு நகரும் தொடர்புக் கெழுவை வரைந்து, உறவு மாறிய ஆண்டைக் குறித்துவிடுகிறார்கள். நிலையான உறவு கொண்ட இரண்டு போலித் தொடர்களிலும் நகரும் கெழு 0.2க்கும் 0.8க்கும் இடையே சர்வ சாதாரணமாக ஆடும். மேலே சொன்ன போலித் தொடர்ச் சோதனை இதற்கும் தேவை. மாற்றம் அதையும் தாண்டி நின்றால் ஒரே பிரதேசத்தை நம்புவதை விடுங்கள். பசிபிக்கின் இரு கரையிலும் எதிரெதிராக நடந்துகொள்ளும் மழைப் பிரதேசங்களைச் சேர்த்து எடுங்கள். ஒரு பக்கம் உறவு தளர்ந்தாலும் மறுபக்கம் தாங்கும்.

கேள்வி: மழைமானிக்கு முந்தைய காலத்துக்குப் போக முடியுமா?

கொரியாவில் 1441இல் மழைமானி வந்தது. சியோலின் மழைத் தொடர் 1770களிலிருந்து கிடைக்கிறது. நைல் நதியின் ரோடா அளவுத் தூணில் வெள்ள மட்டக் குறிப்புகள் 622 முதல் உண்டு. எத்தியோப்பிய மலைகளில் மழை குறையும் எல் நினோ ஆண்டுகளில் வெள்ளமும் தாழும். பெருவின் மழை, வெள்ளக் குறிப்புகளைக் கொண்டு குவின் குழு 1525 வரை எல் நினோ ஆண்டுகளைப் பட்டியலிட்டது. அதற்கப்பால் மர வளையம், பவளம், குகைப் பாறைப் படிவு, பனிக்கட்டி. அண்டார்டிகாவின் லா டோம் பனிக்கட்டியிலிருந்து சுமார் 1,000 ஆண்டுக்கு ஐ.பி.ஓ.வை மீட்டிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சான்றுகளை அளவிட்டுப் பழக்குவதற்கே மழைமானித் தொடர்தான் வேண்டும். 1870க்கும் 1950க்கும் இடையே ஒரு நிலையத்தின் கணக்கைச் சரிசெய்தால், அதை நம்பி நிற்கும் ஆயிரம் ஆண்டுக் கணக்கும் சேர்ந்து சரியாகிறது.

கேள்வி: இதை வைத்து அடுத்த இருபது ஆண்டு மழையைச் சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது. கட்டம் மாறியதே பல ஆண்டு கழித்துத்தான் உறுதியாகத் தெரிகிறது. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. கொலராடோ நதியின் நீரை மாநிலங்களுக்குப் பங்கிட்ட 1922 ஒப்பந்தம், அதற்கு முந்தைய சில பத்தாண்டு நீர்வரத்தைக் கணக்கில் வைத்தது. அந்தக் காலம் வழக்கத்துக்கு மாறாக ஈரமானது என்று பிற்பாடு மர வளையங்கள் காட்டின. பங்கிட்டுக் கொடுத்த அளவுக்கு ஆற்றில் நீர் இல்லை. அந்தப் பங்கீட்டுத் தகராறு இன்றும் ஓயவில்லை. அணைக்கோ வடிகாலுக்கோ 30 ஆண்டு மழையை எடுத்து வடிவமைக்கும் பொறியாளர், அந்த 30 ஆண்டும் கடலின் ஒரே கட்டத்துக்குள் விழுந்ததா என்று பார்த்தாக வேண்டும். விழுந்திருந்தால் மறு கட்டத்தின் மழையையும் தனியாகக் கணக்கிட்டு, இரண்டில் மோசமானதற்குக் கட்ட வேண்டும்.

கேள்வி: நாங்கள் தன்னார்வலர்கள். பழைய மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற விரும்புகிறோம். எப்படிச் செய்தால் ஆய்வாளருக்கு உதவும்?

2020இல் பிரிட்டனில் 16,000 தன்னார்வலர்கள் சேர்ந்து 66,000 தாள்களிலிருந்து 52 லட்சம் மழை அளவுகளைத் தட்டச்சு செய்தார்கள். அதனால் அந்த நாட்டின் மாத மழைக் கணக்கு 1836 வரை பின்னே போனது. உங்களாலும் முடியும்.

முதலில் பக்கத்தைப் படம் எடுங்கள். அட்டை, உள்ளட்டை, வெற்றுப் பக்கம் எதையும் விடாதீர்கள். நிலையத்தின் இடம், மழைமானியின் வகை, உயரம் எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழட்டும், பென்சில் குறிப்பும் அழித்து எழுதியதும் தெரியும். தட்டச்சு செய்யும்போது எழுதியிருப்பதை அப்படியே அடியுங்கள். அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றுவதும், தப்பாகத் தெரியும் எண்ணைத் திருத்துவதும் தனிப் பத்தியில் வரட்டும். ஓரக் குறிப்புகளுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மழைமானி ஒழுகுகிறது, புனல் அடைத்திருந்தது, புதிய அளவுக் குவளை வந்தது போன்ற ஒரு வரி, பின்னால் ஒரு புள்ளியியல் சோதனை சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாக அடித்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் மூன்றாமவர் படத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். மாதக் கூட்டுத்தொகையையும் அடித்து, நாட்களின் கூட்டலோடு சரிபாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பல இடங்களில் தவறு உங்களுடையதாக இருக்காது, அன்று கூட்டியவருடையதாக இருக்கும். அப்போது நாள் எண்களைத் தொடாமல், கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்ற குறிப்பை மட்டும் போட்டு அடுத்த மாதத்துக்குப் போங்கள்.